அப்புச்சி ஊட்டு வியாதி

அர்த்தனாரியின் கூட்டத்தில் யாரும் வாதம் வந்து படுத்ததில்லை. இதை அவர் கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். கொல்லிமலையிலிருந்து பலாவும் அன்னாசியும் ஜீப்பில் இறக்கி, பேளுக்குறிச்சிச் சந்தையில் விற்றுக் கொடுப்பது அவர் தொழில். விலை படியாமல் இழுத்துக்கொண்டிருக்கும்போது, இன்னாருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டதாம் என்று யாராவது பேச்செடுத்தால் போதும். வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டு, "எங்க கூட்டத்துல அந்தச் சீக்கே கிடையாதுங்க" என்று நெஞ்சை நிமிர்த்துவார்.

அது பொய்யில்லை என்று அவர் மனைவி பரிமளாவும் ஒப்புக்கொள்வாள். மாமனார் முப்பத்தெட்டு வயதில் கிணற்றுக்குள் விழுந்து செத்தார். அவருடைய அண்ணன் சாராயத்தில் ஈரல் வெந்து போனார். அதற்கு முந்தியவரை வரப்பில் பாம்பு தீண்டிவிட்டது. ஒருவரைக்கூட வாதம் வருகிற வயது வரைக்கும் விட்டுவைக்காத கூட்டம், எங்களுக்கு வாதமே வராது என்று மார்தட்டுகிறது. பரிமளா அடுப்படியில் நின்று இதைக் கேட்கும்போதெல்லாம் சிரிப்பை அடக்கிக்கொள்வாள். சிரித்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

கூட்டம் என்றால் அந்தப் பக்கத்தில் லேசுப்பட்ட விஷயமில்லை. ஒரே தகப்பன் வழியில் வந்தவர்கள் எல்லாரும் ஒரு கூட்டம், ஒரு குலசாமி. அவர்களுக்குள் பெண் எடுக்க மாட்டார்கள், எல்லாரும் அண்ணன் தம்பி. பெண்ணை வேறு கூட்டத்திலிருந்துதான் கொண்டுவர வேண்டும். வந்த அன்றே அவள் பிறந்த கூட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் புருஷன் கூட்டத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும். அம்மா வழித் தாத்தாவான அப்புச்சி மடியில் உட்கார்ந்து மிட்டாய் தின்னலாம், கெடாவிருந்துக்குப் போய்வரலாம். ஆனால் அப்புச்சி வீடு வேறு வீடு. கணக்கில் சேராது.

அர்த்தனாரி அந்தக் கணக்கைச் சுத்தமாகப் போட்டு வைத்திருந்தார். பரிமளாவின் அப்பா செங்கோடன் நாற்பத்துநாலு வயதில் வாதம் வந்து விழுந்து, வருஷக்கணக்காகக் கட்டிலில் கிடந்து போனவர். அவருடைய தம்பி ராசிபுரம் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். அவர்கள் இருவரையும் பெற்ற அப்பனும் ஐம்பதைப் பார்க்கவில்லை. ஆகவே வாதம் பரிமளா வீட்டு வியாதி. சீர்வரிசையில் வந்த அண்டா குண்டாவைப்போல, அது அவளோடு வந்தது.

இதில் ஒரே ஒரு சங்கடம். அர்த்தனாரியைப் பெற்ற இருசாயி, செங்கோடனுடைய கூடப்பிறந்த தங்கை. அத்தை மகனுக்குத்தான் பரிமளா வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுடைய அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்றவர்தான், அவருடைய அப்புச்சி. ஒரே கிழவனார், ஒரே வியாதி. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த இந்த உறவு, வாதம் என்ற பேச்சு வந்தால் மட்டும் எல்லாருக்கும் மறந்துபோகும்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம், பலா சீசன் தொடங்கும்போது அர்த்தனாரிக்கு நாற்பத்துமூன்று வயது. ஒரு சந்தை நாளில், வலது கையில் பீடியும் இடது கையில் டீ கிளாஸுமாக நின்று பேசிக்கொண்டிருந்தவரின் இடது கையிலிருந்து கிளாஸ் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனார். விரல் மடங்கவில்லை. வாயில் வந்த வார்த்தையும் கொழகொழவென்று வந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து, பாரம் தூக்கியதில் சுளுக்கு என்றார். சுளுக்கு எடுக்கும் காளியண்ணன் வந்து எண்ணெய் போட்டுக் கையை இழுத்து மளுக்கென்று சத்தம் வரவைத்து, "இனி மலையையே தூக்கலாம் போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காளியண்ணன் சொன்னதைப் பரிமளா நம்பவில்லை. அவள் அப்பாவுக்கும் இப்படித்தான் கைதான் முதலில் மரத்தது. அவரும் சுளுக்கு என்றுதான் சொன்னார். மூன்றாம் மாதம் களத்துமேட்டில் விழுந்தார். அவள் பதினைந்து வயதில் அப்பாவுக்குப் பீத்துணி அலசியவள். புருஷன் பேசுகிற வாய்ச்சவடாலையெல்லாம் அவளால் சகித்துக்கொள்ள முடியும், இந்த மனுஷன் கட்டிலில் கிடப்பதைச் சகிக்க முடியாது. எப்படியாவது இவரை ஒரு டாக்டர் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

"ஏனுங்க, ஒருக்கா பிரஷர் பாத்துட்டு வந்தறலாமுங்க."

"எனக்கெதுக்கு? அது உங்கூட்டுச் சமாச்சாரம். நீ போய்ப் பாத்துக்க."

இப்படிப்பட்ட மனுஷனைத் தேடிக்கொண்டு டாக்டர்களே வந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. எங்கேயோ தூரத்து மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு குழு வருகிறது, இளவயதில் வாதம் வருகிற குடும்பங்களில் ரத்தம் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். பேளுக்குறிச்சியில் மிளகு வியாபாரம் செய்யும் ஜாபர் உசேன் தன்னுடைய கிடங்கை அதற்காக ஒழித்துக் கொடுத்திருந்தார்.

அர்த்தனாரி தானாகவே கிளம்பினார். பரிமளா ஒரு நிமிஷம் சாமியைக் கும்பிட்டுக்கொண்டாள். பிறகுதான் விஷயம் தெரிந்தது. மாட்டுக்குக் கோமாரி என்று ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போவதைப்போல அவளைக் காட்டத்தான் போகிறார். கூடவே இருசாயியும், பங்காளி ராசப்பனும் வந்தார்கள். ராசப்பன் கூட்டத்தில் மூத்தவர். குலசாமி கோயில் கும்பாபிஷேகத்துக்கு வசூல் செய்ததிலிருந்து தன்னை ஒரு பண்டிதராக நினைத்துக்கொண்டிருந்தவர். அவர் வாயைத் திறந்தால் கூட்டத்தின் பெருமையைத் தவிர வேறொன்றும் வராது.

கிடங்கில் மிளகு நெடி மூக்கைத் துளைத்தது. ஜாபர் உசேன் சட்டைக் கையைச் சுருட்டி, ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு நின்றார். அவர் மனைவி நஜிமா பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன பாய், உங்களுக்குமா?" என்றார் அர்த்தனாரி, துக்கம் விசாரிக்கிற குரலில்.

"எங்கத்தா இதே கிடங்குலதான் விழுந்தாருங்க. பெரியத்தாவுக்கும் அதேதான். நஜிமா அவரு மக. நாங்க சொந்தத்துக்குள்ளயே கட்டறவங்க, எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே ஆளுக. எங்க பக்கமா உங்க பக்கமான்னு சண்டை போட வழியே இல்லீங்க. அதான் மொத்தமா வந்து கையை நீட்டிட்டோம்" என்று சிரித்தார் ஜாபர் உசேன்.

அர்த்தனாரிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. டாக்டர் ஒரு பெண், முப்பது வயதிருக்கும். சிமெண்ட் தரையிலேயே சாக்பீஸால் வம்சத்தை வரைந்து விளக்கிக்கொண்டிருந்தாள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், வாதம் வந்தவருக்குக் கட்டத்தை நிரப்பிவிடுவாள்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மா" என்று ஆரம்பித்தார் அர்த்தனாரி. "எங்க கூட்டத்துல அந்தச் சீக்கே கிடையாது. இவ ஊட்டு ஆளுகளுக்குத்தான். அதான் கூட்டியாந்தேன். வேணுங்கற ரத்தத்தை எடுத்துக்கங்க."

வேணுங்கற ரத்தத்தை எடுத்துக்கொள்ளலாமாம். என்ன தாராளம்! பரிமளா உட்கார்ந்து கையை நீட்டினாள். டாக்டர் கேட்கக் கேட்கச் சொன்னாள். அப்பாரு, ஒரு கட்டம், நிரப்பியாயிற்று. அப்பா, நிரப்பியாயிற்று. சித்தப்பா, அதுவும்.

"அப்பாவுக்குக் கூடப்பிறந்த பெண்கள் உண்டா?"

"ஒருத்தங்க இருக்காங்க. இதா, இவங்கதான்." பரிமளா இருசாயியைக் காட்டினாள்.

டாக்டர் ஒரு வட்டம் போட்டாள். "இவங்களுக்குப் பிள்ளைகள்?"

"ஒரே மகனுங்க. இதா நிக்கறாரு."

சாக்பீஸ் கோடு வட்டத்திலிருந்து இறங்கி அர்த்தனாரியின் செருப்பு வரைக்கும் வந்து நின்றது. டாக்டர் அங்கே ஒரு கட்டம் போட்டு, அதை நிரப்பாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ நான் உங்க ரத்தத்தைத்தான் முதல்ல எடுக்கணும்."

"போன மாசம் இவருக்குக் கை மரத்துப் போச்சுங்க, வாயும் கொழறிச்சு" என்று பரிமளா அவசர அவசரமாகச் சொன்னாள். இதைச் சொல்லத்தான் அவள் வந்திருந்தாள்.

டாக்டரின் முகம் மாறியது. இருசாயியிடம் திரும்பி, "அம்மா, செங்கோடன்ங்கிறவர் உங்க அண்ணனா? உங்க அப்பாவும் இப்படித்தான் இறந்தாரா?" என்று கேட்டாள்.

இருசாயி மகன் முகத்தைப் பார்த்தாள். அது செக்கச்சிவந்து கிடந்தது.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. நான் கட்டிக் குடுத்து இந்தூட்டுக்கு வந்தவ" என்றாள்.

பரிமளாவுக்கு அந்த இடத்திலேயே கத்த வேண்டும் போலிருந்தது. அண்ணன் பிணத்தின் மேல் விழுந்து புரண்டு அழுதவளுக்கு அவர் எப்படிச் செத்தார் என்று தெரியாதாம். சொந்த அப்பனைத் தெரியாதாம். கிடங்கில் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னாள். சில குடும்பங்களில் ரத்தத்தில் கொழுப்பு சேருவதும், ரத்தம் சீக்கிரம் உறைவதும் பிறக்கும்போதே வந்துவிடுகிறது. உறைந்த கட்டி போய் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்தால் அதுதான் வாதம். அது அப்பாவிடமிருந்தும் வரலாம், அம்மாவிடமிருந்தும் வரலாம். அதற்காக விதி என்று உட்கார வேண்டியதில்லை. பீடியை விட்டு, உப்பைக் குறைத்து, பிரஷருக்கு மாத்திரை சாப்பிட்டால் தள்ளிப்போடலாம், தப்பிக்கவும் செய்யலாம். கை மரத்தது சுளுக்கு இல்லை, அது முன்னறிவிப்பு.

ராசப்பனுக்கு இப்படிப்பட்ட சந்தர்ப்பம் வாழ்க்கையில் கிடைத்ததில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, அம்மா வழியில நெலம் வருதுங்களா? பேரு வருதுங்களா? குலசாமி வருதுங்களா? ஒண்ணும் வராது. அப்பறம் சீக்கு மட்டும் எப்பிடிங்க வரும்?"

"வரும் பெரியவரே. அதுக்குப் பட்டா தேவையில்லை."

ஜாபர் உசேன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அது போதும் அர்த்தனாரிக்கு. தரையில் இருந்த தன் கட்டத்தைச் செருப்புக் காலால் தேய்த்தார். "எனக்கு ஓடறது எங்கப்பன் ரத்தம். பொம்பளைங்க கோடு போட்டா அது மாறிப் போயிருமா?" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று வெளியே போனார். கையில் பிரஷர் பட்டையைச் சுற்றக்கூட விடவில்லை. ராசப்பன் ஏதோ யுத்தத்தில் வென்றவரைப்போலப் பின்னால் நடந்தார்.

இரண்டு மாதம் கழித்துக் குழு மறுபடியும் வந்தபோது, பரிமளாவுக்குக் கொழுப்பும் பிரஷரும் அதிகம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் அதை விழுங்கும்போது, "உங்கப்பன் ஊட்டுச் சீரு இன்னும் வந்துட்டே இருக்குதா?" என்று அர்த்தனாரி நக்கலடிப்பார். அவள் கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், சோறு வடிக்காமல் படுத்தும் பார்த்தாள். அவர் ஹோட்டலில் தின்றுவிட்டு வந்தார்.

கடைசியில் ஒருநாள் மாமியாரைப் பிடித்துக்கொண்டாள். இருசாயி புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாரு. உங்கப்பனுக்கும் அண்ணனுக்கும் தம்பிக்கும் வந்தது உன்ற ஒடம்புலயும் இருக்குது சாமின்னு சொல்லுங்க. வேற யாரு சொன்னாலும் ஏறாது."

இருசாயி தலை நிமிரவில்லை. "எம்மவன் மொகத்தப் பாத்து, உனக்கும் அந்தச் சாவுதான்னு எந்த வாயால சொல்லச் சொல்ற?"

"சொன்னாத்தான் அந்தச் சாவு வராது அத்தே!"

"இந்தூட்டுக்கு வந்த நாள்ல இருந்து எம் பொறந்த ஊட்டு இளப்பத்தக் கேட்டுட்டுத்தான் இருக்கறேன் கண்ணு. உனக்காச்சும் உம் புருசன் மட்டும். எனக்கு ஊரே சொல்லுச்சு. இப்ப நானே எந்திரிச்சு நின்னு ஆமாங்கறதா?"

பரிமளாவுக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. மானத்தைக் காப்பாற்ற மகனைக் கொடுக்கிறாள் இந்தக் கிழவி என்று நினைத்தாள். நினைத்ததைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று பின்னால் பலமுறை தோன்றியது.

அடுத்த பலா சீசனில் அர்த்தனாரி ராசப்பனோடு கொல்லிமலையில் இருக்கும் பெரக்கரை நாட்டுக்குப் போனார், ஒரு தோப்பை மொத்தமாகப் பேசி முடிக்க. காலையில் பேசிக்கொண்டே இருந்தவர் வார்த்தையைப் பாதியில் விட்டுவிட்டுப் பலாமரத்தில் சாய்ந்தார். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. தோப்புக்காரர்கள் மலைக்காரர்கள், விவரம் தெரிந்தவர்கள். உடனே ஜீப்பைக் கூப்பிட்டு, நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று ஏற்றிவிடப் பார்த்தார்கள்.

ராசப்பன் விடவில்லை. "வாதமா? எங்க கூட்டத்துலயா? வெறும் வயித்துல பலாச்சொளை தின்னாரு, வாயு புடிச்சிருக்குது" என்றார். மிளகைத் தட்டிப்போட்டு வெந்நீர் வைக்கச் சொல்லி, விழுங்க முடியாத வாயில் ஊற்றினார். அது கடைவாய் வழியாக ஒழுகியது, இருமலில் மனுஷன் நீலம் பாரித்தார். பிறகு அக்கம்பக்கத்தில் சுளுக்கு எடுப்பவரைத் தேட ஆள் அனுப்பினார். ஜீப் டிரைவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டும், வெயில் தாழட்டும் என்றார். கொண்டை ஊசி வளைவெல்லாம் உருண்டு இறங்கி வந்தபோதும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார்.

பரிமளா வாசலில் நின்று அந்த வாயைப் பார்த்தாள். இருபது வருஷத்துக்கு முன்னால் களத்துமேட்டில் பார்த்த அதே வாய். "எப்பிருந்துங்க மாமா?" என்றாள். காலையிலிருந்து என்று ராசப்பன் சொன்னதும், வயதில் மூத்தவர் என்றுகூடப் பார்க்காமல் அவரைக் கையால் தள்ளி ஒதுக்கிவிட்டு ஜீப்பில் ஏறினாள். ஜாபர் உசேன் தன்னுடைய வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, அதில் மாற்றிப் படுக்கவைத்தார். நாமக்கல்லில் இருந்த டாக்டர் விழுந்த நேரத்தைக் கேட்டார், வாயில் என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டார், பிறகு தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக வேலையைப் பார்த்தார். உயிர் தங்கியது. இடது பக்கம் தங்கவில்லை.

ஒரு வாரம் பரிமளா அவருக்கு மூத்திரம் பிடித்தாள், புரட்டிப் போட்டாள், கஞ்சியை ஸ்பூனில் சொட்டுச் சொட்டாக ஊட்டினாள். பேச்சு வரவில்லை. கண் மட்டும் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு சுற்றியது. அந்தக் கண்ணைப் பார்த்தபோது, இனிமேலாவது இந்த மனுஷனுக்குப் புத்தி வந்திருக்கும் என்று அவள் மனம் இளகியது. ராசிபுரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகன் யுவராஜை அவள் இன்னும் வரச்சொல்லவில்லை. அப்பாவை இந்தக் கோலத்தில் அவன் பார்க்க வேண்டாம் என்று தள்ளிப்போட்டாள்.

எட்டாம் நாள் பெரிய டாக்டர் வார்டுக்கு வந்தார். இருசாயி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். பங்காளிகள் நாலு பேரோடு ராசப்பனும் வந்திருந்தார், ஆரஞ்சுப் பழத்தோடு.

"சின்ன வயசா இருக்கே. குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாருக்காவது வந்திருக்கா?"

"எங்க கூட்டத்துல கிடையாதுங்க சார்" என்று ராசப்பன் முந்திக்கொண்டார். இந்த உடம்பைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டும் சொன்னார்.

"உங்களைக் கேட்கலை. அர்த்தனாரி, நான் சொல்றது புரியுதா? உங்க குடும்பத்துல யாருக்காவது வந்திருக்கா?"

அர்த்தனாரிக்குப் புரிந்தது. தலையை லேசாக அசைத்தார். மிச்சமிருந்த வலது கையை மெத்தையிலிருந்து மெல்ல உயர்த்தினார். அது ஆடியது. சிரமப்பட்டு அதை நிலைப்படுத்தி, ஆள்காட்டி விரலை நீட்டி, தனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த பரிமளாவைக் காட்டினார்.

பங்காளிகள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

பரிமளா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கோபத்தில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. ஏழு நாள் தூங்காத கண். நீட்டியிருந்த அந்த விரலைப் பிடித்தாள், மெதுவாகவெல்லாம் இல்லை. பிடித்து, கையோடு சேர்த்துக் கால்மாட்டுப் பக்கம் திருப்பி, இருசாயிக்கு நேராக நிறுத்தினாள்.

"இங்க காட்டுங்க" என்றாள்.

இருசாயி மகனுடைய விரலைப் பார்த்தாள், அதைப் பிடித்திருந்த அண்ணன் மகளுடைய கையைப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். பிறகு முந்தானையை எடுத்தாள்.

"ஆமாங்க டாக்டரே. எங்கப்பனுக்கு வந்துச்சு. எங்கண்ணனுக்கு வந்துச்சு. எந்தம்பிக்கு வந்துச்சு. எல்லாம் என்ற பக்கந்தானுங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார். "இவருக்குப் பிள்ளைகள்?"

"ஒரு பையனுங்க" என்றாள் பரிமளா. "அவனுக்கு ரெண்டு பக்கமும் வருதுங்க. நாளைக்கே கூட்டியாறேன்."

"அதென்ன பேச்சு?" என்றார் ராசப்பன். "பையன் எங்க கூட்டமுங்க சார். அவனுக்கு ஒண்ணும் வராது, அவனை எதுக்கு..."

"வாய மூடு ராசப்பா" என்றாள் இருசாயி. அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து பங்காளி ஒருவரை அவள் அப்படிச் சொன்னதில்லை. "அவன் ஒடம்புல ஓடறது என்ற ரத்தம். கூட்டியா கண்ணு, நாளைக்கே கூட்டியா."

பரிமளா புருஷனின் விரலை விட்டாள். கை பொத்தென்று மெத்தையில் விழுந்தது. அவர் அம்மாவைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.